மலைக்குப் பக்கங்களும் உண்டு

கேமரன் மலைக்கோ கெந்திங் மலைக்கோ காரில் ஏறும்போது சாலையோரத்தைக் கவனித்திருப்பீர்கள். ஓரிடத்தில் சிமெண்டு பூசிய சுவர். அதில் வரிசையாகச் சிறு குழாய்கள். அடுத்த வளைவில் படிப்படியாக வெட்டப்பட்ட செம்மண் மேடு. இன்னும் கொஞ்சம் தள்ளி, சரிந்துபோன ஒரு பகுதியை நீலத் தார்ப்பாய் போர்த்தி வைத்திருப்பார்கள். அதற்கு இருபது மீட்டர் இந்தப் பக்கம் புல் அப்படியே இருக்கும். இருபது மீட்டர் அந்தப் பக்கமும் அப்படியே இருக்கும். ஒரே மலை, ஒரே மழை. நடுவில் உள்ள பகுதி மட்டும் ஏன் சரிந்தது?

இது சும்மா கேட்கும் கேள்வி அன்று. 1993 டிசம்பர் 11-ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து விழுந்து 48 பேர் உயிரிழந்தார்கள். 1995 ஜூன் 30-ஆம் தேதி கெந்திங் செம்பாவில் சேறும் பாறையும் மரமும் கலந்து பாய்ந்து வந்து 20 பேரைக் கொன்றன. 2008 டிசம்பர் 6-ஆம் தேதி அதிகாலை புக்கிட் அந்தாராபங்சாவில் 14 பங்களா வீடுகள் புதைந்தன. 2022 டிசம்பர் 16-ஆம் தேதி அதிகாலை பத்தாங்காலியில் முகாமிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது மண் சரிந்து 31 பேர் மாண்டார்கள்.

இவற்றில் எதிலும் முழு மலையும் சரியவில்லை. மலையின் ஒரு பகுதிதான் சரிந்தது. அந்தப் பகுதிக்கு ஓர் அகலம் இருந்தது. இடப்பக்கம் ஓர் எல்லை, வலப்பக்கம் ஓர் எல்லை இருந்தது. ஒரு சாய்வு நிற்குமா, சரியுமா என்பதை முப்பரிமாணத்தில் கணக்கிடுவது என்றால், அந்த இரண்டு பக்கங்களையும் கணக்கில் சேர்ப்பதுதான். எளிதாகத் தோன்றினாலும், பொறியாளர்கள் இதற்குப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

எது இழுக்கிறது, எது பிடிக்கிறது?

சாய்வில் உள்ள மண்ணைப் புவியீர்ப்பு கீழ்நோக்கி இழுக்கிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள உராய்வும், களிமண்ணாக இருந்தால் அதன் ஒட்டுத்தன்மையும் அதைப் பிடித்து வைக்கின்றன. பிடிக்கும் வலிமையை இழுக்கும் விசையால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அதற்குப் பாதுகாப்புக் காரணி என்று பெயர். எண் 1-க்கு மேல் இருந்தால் சாய்வு நிற்கும். சரியாக 1 என்றால் அது விளிம்பில் இருக்கிறது. 1-க்குக் கீழே போனால் சரியும். மண்ணைப் பற்றி நமக்குத் தெரியாதது நிறைய இருப்பதால், பொறியாளர்கள் 1-ஓடு திருப்தி அடைவதில்லை. இடத்தைப் பொறுத்து 1.3 அல்லது 1.5 வேண்டும் என்று கேட்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒட்டுத்தன்மை இல்லாத மணல் சாய்வு. அதன் உராய்வுக் கோணம் 35 பாகை. சாய்வின் கோணம் 20 பாகை. காய்ந்த நிலையில் பாதுகாப்புக் காரணி என்பது இந்த இரண்டு கோணங்களின் டான் மதிப்புகளை வகுத்தால் வரும் எண்தான். டான் 35 என்பது 0.70, டான் 20 என்பது 0.36. வகுத்தால் ஏறக்குறைய 1.92. நன்றாகவே நிற்கும்.

இப்போது மழை வருகிறது. நீர்மட்டம் மண்ணின் மேற்பரப்பு வரை ஏறி, சாய்வுக்கு இணையாகக் கசிந்து ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர் ஊறிய ஒரு கன மீட்டர் மண் சுமார் 2 டன் எடை இருக்கும். ஆனால் துகள்களுக்கு இடையே இருக்கும் நீர், அவற்றை ஏறக்குறைய 1 டன் அளவுக்குத் தூக்கிப் பிடிக்கிறது. நீச்சல் குளத்தில் உங்கள் உடல் இலேசாவது போலத்தான். அதனால் துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது பாதியாகக் குறைகிறது, உராய்வும் பாதியாகிறது. கீழே இழுக்கும் எடையோ குறையவே இல்லை. முன்பு 1.92 ஆக இருந்த எண் இப்போது 0.96. அதே மலை, அதே கோணம், ஆனால் இனி நிற்காது.

துகள்களுக்கு இடையே உள்ள நீரின் அழுத்தம்தான் இங்கே வில்லன். இதைத் தெளிவாக்கி நவீன மண் இயக்கவியலுக்கு அடித்தளம் போட்டவர் கார்ல் டெர்சாகி. நம் நாட்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. நம் மலைகளில் பாறை சிதைந்து உண்டான மண் பல மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கிறது. வெயில் காலத்தில் அது முழுக்க நனைந்திருப்பதில்லை. கடற்கரையில் ஈரமணல் கோட்டை எப்படி நிற்கிறதோ, அப்படித் துகள்களுக்கு இடையே உள்ள கொஞ்ச ஈரம் அவற்றை உறிஞ்சி இழுத்துப் பிடித்து வைக்கிறது. தொடர்மழையில் அந்தப் பிடி கரைந்துவிடும். நிலச்சரிவுச் செய்திகள் மழைக்காலத்தில் அடுத்தடுத்து வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரு துண்டு ரொட்டி

1916-ஆம் ஆண்டில் சுவீடனின் கோத்தன்பர்க் துறைமுகத்தில் ஒரு படகுத்துறை சரிந்து தண்ணீரில் விழுந்தது. அதை ஆராய்ந்த பொறியாளர்கள், களிமண் ஒரு வட்ட வில்லின் மேல் சுழன்று சரிந்ததைக் கண்டார்கள். தாளில் சாய்வின் குறுக்குவெட்டை வரைந்தார்கள். அதன் மேல் ஒரு வட்ட வில்லைப் போட்டார்கள். வில்லுக்கு மேலே உள்ள மண்ணை, ரொட்டியை நறுக்குவதுபோல் செங்குத்துத் துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டின் எடை என்ன, அதன் அடியில் உள்ள உராய்வு என்ன என்று கணக்கிட்டு, எல்லாவற்றையும் கூட்டினார்கள். வில்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, எந்த வில்லில் எண் மிகக் குறைவாக வருகிறதோ அங்கேதான் சரியும் என்று முடிவு செய்தார்கள்.

சுவீடனின் ஃபெலேனியஸ் இதைச் செப்பனிட்டார். 1955-இல் லண்டனில் ஆலன் பிஷப் மேலும் மேம்படுத்தினார். இன்றும் நம் ஊர்ப் பொறியியல் அலுவலகங்களில் ஓடும் மென்பொருள்களில் பிஷப்பின் முறை இருக்கிறது. நூறு ஆண்டுகளாக எத்தனையோ அணைகளும் சாலைகளும் இந்தத் துண்டு முறையை நம்பி நிற்கின்றன. அதைக் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனாலும் அந்தப் படத்துக்குள் சொல்லாத ஓர் அனுமானம் இருக்கிறது. தாளில் வரைந்த அந்தக் குறுக்குவெட்டு, தாளுக்கு முன்னாலும் பின்னாலும் அப்படியே முடிவில்லாமல் நீண்டு போகிறது என்பதே அது. கிலோமீட்டர் கணக்கில் நீளும் இரயில் பாதைக் கரைக்கு இது பொருந்தும். ஆனால் உண்மையான நிலச்சரிவின் வடுவைப் பாருங்கள். கரண்டியால் ஐஸ்கிரீம் அள்ளியதுபோல் ஒரு குழி இருக்கும். அந்தக் குழிக்கு அடியும் உண்டு, இரண்டு பக்கச் சுவர்களும் உண்டு. மண் சரியும்போது அடியில் மட்டுமா உராய்கிறது? பக்கங்களிலும் உராய்கிறது, கிழிகிறது. துண்டு முறை அந்தப் பக்கங்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

சமையலறையில் ஒரு சோதனை

பக்கங்கள் பிடிக்கும் என்பதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். ஒரு நீளமான அட்டைப்பெட்டியை எடுத்து, அதன் ஒரு குட்டைப் பக்கத்தை மேலே தூக்கி எடுக்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். உள்ளே பச்சைப்பயற்றை நிரப்பி, அந்தப் பக்கத்தை மெதுவாகத் தூக்குங்கள். கொஞ்சம் பயறு வழிந்து ஓடும். மீதி ஒரு சாய்வாக நின்றுவிடும். அந்தச் சாய்வைக் கோணமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பெட்டிக்குள் நீளவாக்கில் இரண்டு அட்டைகளை 2 சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, அந்தச் சந்துக்குள் மட்டும் பயற்றை நிரப்பி மறுபடியும் செய்யுங்கள். இந்த முறை சாய்வு முன்னைவிடச் செங்குத்தாக நிற்கும். பயறு மாறவில்லை. பக்கச் சுவர்கள் அருகில் வந்துவிட்டன, அவ்வளவுதான்.

இதை எண்களில் பார்ப்போம். ஒரு சாய்வில் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் கீழே இழுக்கும் விசை 100 அலகு; அடிப்பரப்பு பிடிப்பது 95 அலகு என்று வைத்துக்கொள்வோம். துண்டு முறைப்படி பாதுகாப்புக் காரணி 0.95. அதாவது இந்நேரம் சரிந்திருக்க வேண்டும். இப்போது பக்கங்களைச் சேருங்கள். இரண்டு பக்கங்களும் சேர்ந்து 300 அலகு பிடிக்கின்றன.

சரியக்கூடிய பகுதி 10 மீட்டர் அகலம் என்றால், இழுப்பது 1,000. பிடிப்பது 950-உம் 300-உம் சேர்ந்து 1,250. காரணி 1.25.

அகலம் 20 மீட்டர் என்றால், இழுப்பது 2,000, பிடிப்பது 2,200. காரணி 1.10.

அகலம் 60 மீட்டர் என்றால், இழுப்பது 6,000, பிடிப்பதும் 6,000. சரியாக 1.

அகலம் 100 மீட்டர் என்றால், இழுப்பது 10,000, பிடிப்பது 9,800. காரணி 0.98. சரியும்.

கவனித்தீர்களா? மண் மாறவில்லை, உயரம் மாறவில்லை, கோணம் மாறவில்லை. அகலம் மட்டும்தான் மாறியது. பக்கங்களின் பிடி ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கிறது. அகலம் கூடக்கூட எடை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

கட்டுமானத் தளங்களில் அனுபவமுள்ளவர்கள் இதைக் கையாளுவதைப் பார்க்கலாம். மலையடிவாரத்தை வெட்டித் தாங்குசுவர் கட்டும்போது, முழு நீளத்தையும் ஒரே நாளில் வெட்ட மாட்டார்கள். ஒரு சிறு பகுதியை வெட்டிச் சுவர் கட்டி முடிப்பார்கள். பக்கத்துப் பகுதியைத் தொடாமல் விட்டு, அதற்கு அடுத்ததை வெட்டுவார்கள். தொடாமல் விட்ட மண்தான் வெட்டிய இடத்துக்குப் பக்கத் துணை. அவசரத்தில் யாராவது முழு நீளத்தையும் ஒன்றாக வெட்டினால், முன்பே போட்ட கணக்கின் 10 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்குத் தாவியது போலாகும்.

அப்படியானால் நல்லதுதானே?

வகுப்பில் இந்த இடத்துக்கு வந்தால் ஒரு மாணவராவது கேட்பார்: "சார், பக்கங்களையும் சேர்த்தால் எண் கூடத்தானே செய்கிறது? அப்படியானால் பழைய முறையே போதுமே. அது குறைவாகக் காட்டினால் நமக்குக் கூடுதல் பாதுகாப்புதானே?"

பாதி சரி. 1996-இல் அமெரிக்கப் பொறியாளர் மைக்கேல் டங்கன், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து இதே கருத்தைத்தான் சொன்னார்: முப்பரிமாணக் காரணி, இருபரிமாணக் காரணிக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கும். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. குறுக்குவெட்டை மலையின் மிகப் பலவீனமான இடத்தில் வரைந்திருக்க வேண்டும். அது எந்த இடம் என்பதை மலையை முழுதாகப் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

இதைவிட ஆபத்தான பொறி வேறொன்று. ஒரு சாய்வு சரிந்தபின், பொறியாளர்கள் பின்னோக்கிக் கணக்கிடுவார்கள். "சரிந்த நொடியில் காரணி 1 ஆக இருந்திருக்க வேண்டும். அப்படியானால் மண்ணின் வலிமை எவ்வளவு?" என்று கண்டுபிடிப்பார்கள். நல்ல வழிதான். மலையே நமக்காக ஒரு பெரிய சோதனையைச் செய்து காட்டிவிட்டதல்லவா?

20 மீட்டர் அகலத்தில் ஒரு சரிவு நடந்தது. இழுத்த விசை 2,000 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அடிப்பரப்பு 1,700, பக்கங்கள் 300 என்று பிடித்திருந்தன. அதாவது அடிப்பரப்பின் உண்மையான வலிமை மீட்டருக்கு 85 அலகு. ஆனால் துண்டு முறையில் கணக்கிடுபவருக்குப் பக்கங்கள் தெரியாது. 2,000 அலகும் அடியிலிருந்தே வந்தது என்று நினைத்து, மீட்டருக்கு 100 என்று எழுதிவிடுவார். பக்கங்கள் செய்த வேலைக்கான பெயர் அடிமண்ணுக்குப் போய்விட்டது.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு, அதே மண்ணில் 100 மீட்டர் அகலமுள்ள ஒரு புதிய சாய்வை அமைக்கிறார். காரணி 1.3 வேண்டும் என்று கோணத்தைக் குறைத்து, இழுக்கும் விசையை மீட்டருக்கு சுமார் 77 அலகாகக் கொண்டுவருகிறார். தாளில் 1.3 வருகிறது. உண்மை என்ன? அடிப்பரப்பு பிடிப்பது 8,500, பக்கங்கள் 300, மொத்தம் 8,800. இழுப்பது 7,700. காரணி 1.14 மட்டுமே. மழைக்காகவும், நமக்குத் தெரியாதவற்றுக்காகவும் ஒதுக்கி வைத்த பாதுகாப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் கோப்பில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

ஆக, எது பாதுகாப்பான முறை என்பது நாம் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. "இது நிற்குமா?" என்று கேட்கும்போது பக்கங்களை விட்டுவிட்டால், கணக்கு நம்மைப் பாதுகாக்கும். "இந்த மண் எவ்வளவு வலிமையானது?" என்று கேட்கும்போது பக்கங்களை விட்டுவிட்டால், அதே கணக்கு நம்மை ஏமாற்றும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பக்கங்கள் பிடிக்க மட்டும் செய்வதில்லை. பக்கங்களிலிருந்து தண்ணீரும் வருகிறது. மலையின் வடிவத்தைப் பாருங்கள். சில இடங்களில் அது மூக்குபோல் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சில இடங்களில் உள்ளங்கையைக் குவித்ததுபோல் உள்ளே குழிந்திருக்கும். துருத்திய மூக்கில் பக்கத் துணை குறைவு, இருபுறமும் காற்றுதான். குழிவான இடத்தில் பக்கங்கள் ஒன்றையொன்று தாங்கும், வளைவு வாசல்போல. திறந்தவெளிச் சுரங்கங்களில் வட்டமாகக் குழிந்த சுவர்களை நேரான சுவர்களைவிடச் செங்குத்தாக வெட்ட முடிவது இதனால்தான்.

அப்படியானால் குழிவான இடம் பாதுகாப்பானதா? மழை பெய்யட்டும். சுற்றியுள்ள சாய்வுகளிலிருந்து வரும் நீரெல்லாம் அந்தக் குழிவில்தான் வந்து சேரும். காய்ந்த நாளில் வலிமையாக நின்ற இடம், மழை நாளில் முதலில் ஊறி நிரம்பும் இடமாகிவிடும். மலையிலிருந்து சேறாகப் பாய்ந்து வரும் சரிவுகள் பல இத்தகைய குழிவுகளில்தான் தொடங்கி, ஓடை வழியே இறங்குகின்றன. குறுக்குவெட்டுப் படத்தில் துருத்தலும் தெரியாது, குழிவும் தெரியாது. இரண்டுக்கும் ஒரே கோடுதான்.

ஹைலண்ட் டவர்ஸ் இதற்குக் கசப்பான பாடம். கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மலையில் ஒரு சிற்றோடை ஓடியது. அதைக் குழாய் வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். பிற்காலத்தில் மேலேயிருந்த நிலத்தில் மரங்கள் வெட்டப்பட்டு, இடம் திருத்தப்பட்டது. சாய்வின் வடிகால்கள் அந்த நீருக்கும் மண்ணுக்கும் ஈடுகொடுக்கவில்லை. சுமார் பத்து நாள் மழைக்குப் பிறகு தாங்குசுவர்கள் உடைந்து, மண் கட்டடத்தின் அடித்தளத்தைத் தள்ளியது. கட்டடத்தின் நடுவே ஒரு குறுக்குவெட்டு மட்டும் வரைந்து பார்த்தால், பக்கத்திலிருந்து குறுக்காக வந்த அந்த ஓடை படத்திலேயே இருக்காது.

2000-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புக் கூறியபோது, கட்டியவர்களோடும் அதன் பொறியாளரோடும் நிற்கவில்லை. அண்டை நிலத்தின் உரிமையாளரும் பொறுப்பாளிதான் என்றது. நில அளவைக்காரர் போட்ட எல்லைக் கல்லைத் தண்ணீர் மதிப்பதில்லை என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது என்றே இதை நான் படிக்கிறேன்.

பாறைக்குள் ஓர் ஆப்பு

மண்ணில் பக்கங்களை மறந்தால் எண்தான் தவறாகும். பாறையில் மறந்தால் சரிவே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். பாறைக்குள் விரிசல் தளங்கள் பல திசைகளில் ஓடும். ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பாதி திறந்து, அதன் முதுகு கீழே இருக்குமாறு பிடியுங்கள். முதுகை உங்கள் பக்கமாகக் கொஞ்சம் சாயுங்கள். நடுவில் ஒரு சமோசாவை வையுங்கள். அது இரண்டு பக்கத் தாள்களிலும் உராய்ந்தபடி, முதுகின் வழியே உங்களை நோக்கி வழுக்கி வரும்.

இரண்டு தாள்களும் பக்கவாட்டில்தான் சாய்ந்திருக்கின்றன. எதுவும் நேராக உங்களை நோக்கிச் சாயவில்லை. ஆனால் அவை சந்திக்கும் கோடு உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. பாறையிலும் இப்படித்தான். இரண்டு விரிசல் தளங்களைத் தனித்தனியே பார்த்தால், சாலைக்கு ஆபத்து எதுவும் இல்லை என்று தோன்றும். அவை சந்திக்கும் கோடு சாலையை நோக்கி வெளியே வந்து, உராய்வு தாங்கும் கோணத்தைவிடச் செங்குத்தாக இருந்தால், நடுவில் மாட்டிய பாறை ஆப்பு வழுக்கி விழும். பாறைச் சாய்வுகளை ஆராய்பவர்கள் திசைகாட்டியும் கையுமாக ஒவ்வொரு விரிசலின் திசையையும் சாய்வையும் அளந்து குறிப்பது இதற்காகத்தான்.

2003 நவம்பர் 26-ஆம் தேதி புக்கிட் லஞ்சானில் பெரும் பாறைச் சரிவு ஏற்பட்டு, புதிய கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை ஏறக்குறைய ஆறு மாதம் மூடப்பட்டது நினைவிருக்கலாம். அதிர்ஷ்டவசமாக உயிர்ச்சேதம் இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு, 2004-இல், பொதுப்பணித் துறையான ஜேகேஆரில் சாய்வுகளுக்கென்றே தனிப் பொறியியல் பிரிவு தொடங்கப்பட்டது.

துண்டுகளிலிருந்து தூண்களுக்கு

1970-களில் ஆய்வாளர்கள் துண்டு முறையை முப்பரிமாணத்துக்கு நீட்டத் தொடங்கினார்கள். ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டுவதற்குப் பதிலாக, குவே லாப்பிஸைச் சதுரச் சதுரமாக வெட்டுவதுபோல், சரியும் மண்ணைச் செங்குத்துத் தூண்களாகப் பிரித்தார்கள். 1987-இல் ஓல்ட்ரிச் ஹங்கர் பிஷப்பின் முறையை இப்படித் தூண்களுக்கு விரிவாக்கினார்.

துண்டுக்கு இரண்டு அண்டை. தூணுக்கு நான்கு அண்டை. ஒவ்வோர் அண்டையோடும் எவ்வளவு விசை பரிமாறப்படுகிறது என்று தெரிய வேண்டும். தெரியாத எண்கள், இருக்கும் சமன்பாடுகளைவிட மிக அதிகம். அதனால் சிலவற்றை அனுமானித்துத்தான் ஆக வேண்டும். முன்பு வட்ட வில்லைத் தேடினார்கள். இப்போது கிண்ணம்போன்ற பரப்பைத் தேட வேண்டும். கணினி ஆயிரக்கணக்கான கிண்ணங்களைப் போட்டுப் பார்த்து, மிகக் குறைந்த எண் வருவதைக் கண்டுபிடிக்கிறது. இன்னொரு வழியில், மலை முழுவதையும் சிறு சிறு கூறுகளாகக் கணினியில் அமைத்து, மண்ணின் வலிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். எந்த இடத்தில் முதலில் நழுவுகிறது என்று கணினி தானாகவே காட்டும்.

மலையின் மேல் வடிவத்தை இன்று டிரோனும் லேசர் அளவீடும் சென்டிமீட்டர் கணக்கில் தந்துவிடுகின்றன. உள்ளே இருப்பதை அறியத் துளைதான் போட வேண்டும்; அதற்குச் செலவு அதிகம். ஒரே கோட்டில் மூன்று துளை போட்டுவிட்டு அழகான முப்பரிமாணப் படம் வரைந்தால், அந்தப் படத்தின் பக்கங்கள் வெறும் ஊகம்தான். எண் கூடுதலாக வருகிறதே என்று அதை வைத்துச் செலவைக் குறைக்கப் பார்ப்பது இன்னும் மோசம். பக்கங்களின் பிடியைக் கணக்கில் சேர்ப்பவர், பக்கங்களில் உள்ள மண்ணையும் நீரையும் தெரிந்துகொள்ளச் செலவழித்திருக்க வேண்டும்.

நீங்கள் எதைப் பார்க்க வேண்டும்?

உங்களிடம் மென்பொருள் இல்லை, தேவையும் இல்லை. மலையோரத்தில் வீடோ பள்ளியோ கோயிலோ இருந்தால், கண்ணே போதும். ஆனால் நேரே மட்டும் பார்க்காமல் பக்கவாட்டிலும் பாருங்கள்.

சாய்வின் மேற்பகுதியில் நிலத்தில் விரிசல் தெரிகிறதா? அது நேர்கோடாக இருக்கிறதா, பிறைபோல் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறைபோல் வளைந்து இரு முனைகளும் கீழ்நோக்கி இறங்கினால், முன்பு சொன்ன அந்தக் கிண்ணத்தின் விளிம்பு வெளியே தெரியத் தொடங்கிவிட்டது. சரியப்போவது எவ்வளவு அகலம் என்பதை மலையே கோடு போட்டுக் காட்டுகிறது. அடிவாரத்தில் மண் வீங்கியிருந்தாலும், மரங்களோ வேலிக் கம்பங்களோ புதிதாகச் சாய்ந்திருந்தாலும், வீட்டுக் கதவு திடீரென்று மூடச் சிரமப்பட்டாலும் கவனியுங்கள்.

தாங்குசுவரில் உள்ள சிறு குழாய்கள் சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரை வெளியேற்றுவதற்காக வைத்தவை. அவை அடைபட்டிருக்கின்றனவா? எப்போதும் தெளிந்த நீர் வந்த குழாயில் கலங்கிய நீர் வருகிறதா? மழை நின்ற பிறகும் புதிதாக ஊற்று கிளம்புகிறதா? இப்படி ஏதாவது தெரிந்தால் ஊராட்சி மன்றத்துக்குத் தெரிவியுங்கள். மழை நேரத்தில் விரிசல் அகலமாகிக்கொண்டே போனால், தெரிவிப்பதற்கு முன்பே குடும்பத்தோடு வெளியேறிவிடுங்கள். 999-ஐப் பாதுகாப்பான இடத்திலிருந்து அழைக்கலாம்.

கடைசியாக, உங்கள் வீட்டுச் சாய்வு சுத்தமாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். மேலேயுள்ள வீட்டின் கூரை நீர் எங்கே போகிறது? பக்கத்துக் காலி நிலத்தின் லோங்காங் இலைகளால் அடைந்திருக்கிறதா? மலைமேல் யாராவது புதிதாக மண் கொட்டுகிறார்களா? பெரிய மழை தொடங்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அடைபட்ட லோங்காங்கை ஆளுக்கு ஒரு மண்வெட்டி எடுத்தால் அன்றைக்கே சுத்தம் செய்துவிடலாம்.